சபை சுமந்த பாரம்

மூன்று மாதப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றால், விட்டுவிடுவோமோ என்று ஜெமிமாவுக்குத் தோன்றியது. விட வேண்டும் என்றில்லை, தோன்றியது, அவ்வளவுதான். புருஷன் ஆன்றோவிடம் சொல்லத் துணிவில்லாமல், ராயபுரத்தில் அவர்கள் சபை நடத்தும் ஆலோசனை அறைக்குப் போய், அங்கே ஆலோசனை சொல்லும் ஜெனி அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள்.

ஜெனி தங்கமான மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. கண்ணீரைத் துடைத்துவிட்டாள். பிள்ளை பெற்ற பலருக்கும் இப்படி வரும், டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். இங்கே சொல்வது யார் யார் காதுக்குப் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எழுந்திருக்கும் முன் இருவரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, இந்த மகளோட பாரத்தை எங்க சபையே சேர்ந்து சுமக்கட்டும்" என்று ஜெனி ஜெபித்தாள்.

ஜெமிமா "ஆமென்" என்றாள். ஜெபம் முடிந்தால் வேறு என்ன சொல்வார்களாம்? சின்ன வயதிலிருந்து வாய் தானாகச் சொல்வது.

அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள் அந்தப் புண்ணியவதி. அன்றைக்கே ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில், ஜெமிமாவின் பெயரோடு, விஷயத்தோடு, விண்ணப்பம் போய்விட்டது.

ஜெமிமாவுக்கு அது தெரியாது. மறுநாள் மாமியார் பிள்ளையைக் குளிப்பாட்டித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நீ படு மக்களே, நான் பாத்துக்கிடுதேன்." பால் கொடுக்கும்போதும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு ஆன்றோ மத்தியானமே வந்து, மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, "காத்து அடிக்குது" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்மண்டபத்திலிருந்து மீன் கொண்டுவரும் சொக்கம்மாள்தான் போட்டு உடைத்தாள்.

"இன்னாம்மா, கொயந்தைய மாடிலேர்ந்து கீயே போட்டுடுவேன்னு சொன்னியாமே? உங்க சர்ச்சு அம்மா ஒண்ணு சொல்லிச்சு. கேட்டாலே பேஜாரா கீதும்மா."

ஜெமிமா மீனைக்கூட வாங்காமல் உள்ளே போனாள். உடனே ஜெனிக்குப் போன் போட்டாள்.

"யாரைக் கேட்டு அக்கா எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"நீதானேம்மா ஆமென் சொன்னே!" ஜெனிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எத்தனை பேர் உனக்காக உபவாசம் இருக்காங்க தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் சொந்த ஊரான நாசரேத்துக்கு ரயிலேறினாள். இவளுக்குத் தேறட்டும், அப்புறம் கொண்டுவருகிறோம் என்றார்கள். தேறிவிட்டது என்று யார் சொல்ல வேண்டும் என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது. அழுதால் அதுவும் குழுவுக்குப் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நினைப்போ போகவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் வேறு யாரும் கிடைக்காமல் இப்போது அது அவளையே பிடித்துக்கொண்டது: நாமே இல்லாமல் போய்விட்டால் என்ன? இது முந்தையதைவிடப் பொல்லாதது, யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது.

போன் அடித்தது. ஜெனிதான்.

"எப்படி இருக்கே ஜெமிமா? மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லும்மா."

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "நல்லா தூங்குறேன்."