இந்த மாசம் யாருக்கு

சலவை ஆலையில் என் வேலை தண்ணீரைச் சோதிப்பது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். கடைசி அலசலில் சோப்பு மிச்சம் இருக்கிறதா, தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, எந்த மெஷினுக்கு எவ்வளவு மருந்து ஊற்ற வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். வேதியியல் படித்ததற்குக் கிடைத்தது அதுதான். எனக்குப் பிடித்தும் இருந்தது. தண்ணீர் எதிர்க்கேள்வி கேட்காது.

கிஃப்ட் கார்டு வேலை என் தலையில் விழுந்ததும் அதிகம் பேசாத இந்தக் குணத்தால்தான். தொழிலாளர்களை உற்சாகப்படுத்த தலைமை அலுவலகம் ஒரு திட்டம் அனுப்பியிருந்தது. கூட வேலை செய்பவர்களில் யார் நன்றாக உழைத்தார்கள் என்று மாதம் ஒருமுறை எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஊரிலேயே பெரிய கடையில் பொருள் வாங்கிக்கொள்ள ஒரு கார்டு. இதை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீதாம்மா சரியான ஆளு. யார்கூடவும் பேச மாட்டே. அப்புறம் யார் பக்கம் சாயப்போறே?"

"சார், எங்க சித்தி இங்கதான் மடிக்கிற செக்‌ஷன்ல..."

"தெரியும். அவங்கதானே உன்னை இங்க கொண்டுவந்து சேத்தாங்க. அதனால என்ன? எண்ணுறப்ப நானும் பக்கத்துல இருப்பேன்."

காலியான சோப்புத்தூள் டிரம் ஒன்றின் மூடியில் கீறல் போட்டு ஓட்டுப்பெட்டி ஆக்கினேன். அதை வாசலருகே வைத்த அன்று வேன் ஓட்டும் அண்ணன் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"கெமிஸ்ட் அம்மா, சீட்டைப் போட்டா நுரை வருமா?"

சிரித்து வைத்தேன்.

திட்டம் நன்றாகவே ஓடியது. ஒவ்வொரு மாதமும் புதிய ஆள் ஜெயித்தார். ஜெயித்தவருக்கு மேனேஜர் கார்டைக் கொடுத்துக் கைகுலுக்குவார். நான் படம் எடுப்பேன். பிறகு அவர் அந்த ஆளின் உழைப்பைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பக்கம் எழுதுவார்.

"பாத்தியா, ஒருத்தர் மாத்தி ஒருத்தர். எல்லாரும் போட்டி போட்டு வேலை செய்யறாங்க" என்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க சித்திக்கு ஒரு ஓட்டுகூட விழல. அதுலயே தெரியுது நீ எவ்வளவு நேர்மைன்னு" என்பார்.

எனக்கு அது உறுத்தியது. சித்தியின் கை மடித்த விரிப்பை ஓட்டல்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். மூலைக்கு மூலை பொருந்தி, செங்கல் மாதிரி நிற்கும். அவளுக்கு ஒரு ஓட்டு விழாதா? அப்புறம் இன்னொன்றும் கவனித்தேன். வேன் அண்ணன் வீட்டில் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன மாதம் வேன் அண்ணன் ஜெயித்தார். பேக்கிங் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கப்போகிற மாதம் அவள் ஜெயித்தாள். சோதனை முடிவு இவ்வளவு ஒழுங்காக வந்தால் குடுவையைக் கழுவினோமா என்று முதலில் பார்க்க வேண்டும். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

குடுவையைத் தேடி நான் போகவில்லை. டீ இடைவேளையில் ட்ரையர்களுக்குப் பின்னால் இருக்கும் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அந்தப் பக்கம் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்; நான் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை. நடுவில் கவிழ்த்துப் போட்ட துணிக்கூடையின் மேல் சித்தி.

"சரி, இந்த மாசம் யாருக்கு? அவசரம் இருக்கறவங்க மட்டும் வாயைத் திறங்க."

"எனக்கு ஒரு மெத்தை" என்றார் இஸ்திரி அண்ணன்.

"ராத்திரி பூரா சீட்டாடுற ஆளுக்கு மெத்தை எதுக்கு? ஒரு நாற்காலி போதும்" என்றாள் சித்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

ட்ரையர் அக்கா கையைத் தூக்கினாள். "என் குக்கர் விசில் அடிக்கறதை விட்டுட்டு அழ ஆரம்பிச்சிருச்சுக்கா. அடுப்பெல்லாம் தண்ணி. ஒரு பருப்பு வேக அரை சிலிண்டர் போகுது."

"என்னைக்காவது மூடி பறக்கும். அவளுக்கே போடலாமா? யாருக்காவது மனசுல குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் வீட்டுக்குப் போய் முணுமுணுக்கக் கூடாது."

இஸ்திரி அண்ணன்கூடத் தலையாட்டினார்.

"அப்ப அவளுக்குத்தான். ஆனா அஞ்சாறு பேர் வேற வேற பேர் எழுதுங்க. எல்லாம் ஒரே ஆளுக்கு விழுந்தா மேனேஜர் மோப்பம் புடிச்சிடுவார். என் பேரை மட்டும் மறந்துகூட யாரும் எழுதக் கூடாது. ஓட்டை எண்ணுறது எங்க பொண்ணு. அவ மேல ஒரு சொல் வரக் கூடாது."

நான் பாட்டிலை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அதில் பாதிதான் தண்ணீர் இருந்தது.

யாரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கார்டு யாருக்குத் தேவையோ அவருக்குப் போகிறது. வேலையும் நடக்கிறது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வாரமே மடிக்கும் மெஷின் வந்து இறங்கியது. மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மடிக்கிற செக்‌ஷன்ல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்கம்மா. நானா ஒருத்தரைச் சொன்னா கெட்ட பேரு. அதான் ஓட்டைப் பாத்தேன். கூட வேலை செய்யறவங்களுக்குத் தெரியாததா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவரைக்கும் ஒரு ஓட்டுகூட வாங்காதவங்க ஒருத்தர்தான். எனக்கே சங்கடமா இருக்கு. முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. இந்த மாச ஓட்டையும் எண்ணிட்டு எழுதி அனுப்பிடறேன்."

"சரி சார்" என்றேன். என்ன சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

சித்தியின் வீடு எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளம். அவள் சம்பளத்தில்தான் அது ஓடியது. சித்தப்பா வேலை தேடுவதில் கெட்டிக்காரர். கிடைத்த வேலையில் நிலைப்பதில் அல்ல. அன்று சாயங்காலம் நான் போனபோது சித்தி நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளைத் தரையில் தள்ளி எனக்கு இடம் பண்ணினாள். நாள் முழுக்க மடிப்பவள் வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட மடிக்க மாட்டாள்.

நடந்ததைச் சொன்னேன். குழாயடியில் கேட்டதையும் சொன்னேன். சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"மேனேஜர்ட்ட ஏதாவது உளறிட்டியா?"

"இல்ல."

"உளறாத. சொன்னா எல்லாருக்கும் கார்டு போயிடும். உனக்கும் தலைவலி. தெரிஞ்சும் ஏன் மறைச்சேன்னு கேப்பான்."

"அப்ப இந்த மாசம் உன் பேரை எழுதச் சொல்லு."

"ட்ரையர்காரிக்குச் சொல்லியாச்சு. இப்பப் போய், எனக்கு வேலை போகுது, எனக்குப் போடுங்கன்னு நிக்கவா? இத்தனை நாள் கேட்டவங்களை எல்லாம் நான் என்ன கேள்வி கேட்டிருக்கேன் தெரியுமா?"

"உனக்கு வேலை முக்கியமா, இது முக்கியமா?"

"வேலைதான். அதுக்காக?" என்றாள்.

"அப்ப நான் போய்ச் சொல்றேன்."

"நீயா? கடையில ஐஸ்கிரீம் கேக்கறதுக்கே என்னைத்தானேடி அனுப்புவே."

மறுநாள் ட்ரையர் அக்காவிடம் போனேன். மூன்று வரி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மெஷின் இரைச்சலில் முதல் வரி எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா, வாய்க்குள்ள பேசினா எப்படி?"

அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னேன். மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. சித்தியை அனுப்பப்போகிறார்கள், ஒரு ஓட்டும் இல்லாததால்தான் அனுப்புகிறார்கள், அந்த ஓட்டு இல்லாமல் போனது என்னால்தான் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா? குக்கர் இன்னும் ஒரு மாசம் அழட்டும். நீ போ. உங்க சித்தி காதுல விழாம நான் பாத்துக்கறேன்."

மாதக் கடைசியில் டிரம்மை மேனேஜர் அறைக்குக் கொண்டுபோய் மேசை மேல் கவிழ்த்தேன். நான் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும், அவர் குறித்துக்கொள்வார்.

முதல் சீட்டில் சித்தி பெயர். இரண்டாவதிலும். அதற்கடுத்த சீட்டிலும். எனக்கு மனசு லேசானது. அப்புறமும் சித்தி. அப்புறமும். பாதிக் குவியல் போனபோது எனக்குப் புரிந்துவிட்டது. மாதா மாதம் ஓட்டைக் கலைத்துப் போடச் சொன்னது சித்தி. இந்த மாதம் சித்திக்குத் தெரியாமல் நடந்த காரியம். கலைக்கச் சொல்ல ஆள் இல்லை. ஆலை மொத்தமும், காவலாளி உட்பட, ஒரே பெயரை எழுதியிருந்தது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் ட்ரையர் அக்காவின் பெயர். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். சித்தியுடையது.

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டார்.

"இதுவரைக்கும் ஒரு ஓட்டு விழாதவங்களுக்கு ஒரே நாள்ல மொத்தமும் விழுமா? அவங்களை அனுப்பப்போறேன்னு நான் சொன்னது உன்கிட்ட மட்டும்தான். நீயே எழுதிப் போட்டியா?"

"கையெழுத்தைப் பாருங்க சார். வேற வேற."

"அப்ப சித்தியும் பொண்ணுமா ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கெஞ்சினீங்களா? உன்னைப் போய் நேர்மைன்னு நெனச்சேனே. ரெண்டு பேர் பேரையும் சேத்து அனுப்பிடறேன்."

'சரி சார்' தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சார், இந்த ஓட்டு வேலையை அளக்கல. முதல் மாசத்துலேர்ந்தே அளக்கல" என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். துணிக்கூடை, டீ இடைவேளை, ஃப்ரிட்ஜ், குக்கர், வேண்டுமென்றே மாற்றி எழுதிய அஞ்சாறு சீட்டு. சித்தி பெயர் ஏன் ஒருமுறையும் வரவில்லை என்பதையும், இந்த முறை ஏன் மொத்தமாக வந்தது என்பதையும். என் ஆயுளில் அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் நான் பேசியதில்லை. பேசி முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

சித்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேலிருந்த குவியலைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"கூறுகெட்டதுங்க" என்றாள். "ஒருத்தராவது மாத்தி எழுதியிருக்கக் கூடாது?"

"அப்ப எல்லாம் உண்மைதானா?" என்றார் மேனேஜர்.

"உண்மைதான் சார்."

"வேன் ஓட்டுறவர் ஜெயிச்சப்ப அவர் உழைப்பைப் பத்தி ஒரு பக்கம் எழுதினேனே!"

"நல்லாத்தான் சார் ஓட்டுவாரு. ஃப்ரிட்ஜும் கெட்டுப்போச்சு."

"உங்களுக்கு எதுவும் தேவைப்படலையா?"

"என் தேவையை நான் சொல்ல ஆரம்பிச்சா மத்தவங்க தேவையை எப்படிக் கேக்கறது? சண்டைதான் வரும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனம் இளகிப்போய் அல்ல. தான் எழுதி அனுப்பிய பக்கங்களை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. உள்ளதைச் சொன்னால் முதலில் அவர் தலைதான் உருளும். கடைசியில் என்னைக் கணினி முன்னால் உட்காரவைத்து, தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் சொல்லி அடிக்கவைத்தார். திட்டம் அதன் நோக்கத்தை முழுமையாக அடைந்துவிட்டதால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. மடிக்கும் பிரிவில் ஓர் ஆள் குறைந்தாயிற்று என்றும் இருந்தது. சித்தியை அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு மாற்றியிருந்தார். அங்கே யாரும் நிலைத்ததில்லை. ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரிக்கும் இடம். தரை எப்போதும் ஈரம். நாற்றம் துணியோடு வீடு வரை வரும். சம்பளம் அதேதான்.

"மூக்கைத்தானே மூடணும், அடுப்பை இல்லையே" என்றாள் சித்தி.

சில நாட்கள் நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். இஸ்திரி அண்ணன் மட்டும் என் காதில் விழும்படி, "என் மெத்தை போச்சு" என்றார்.

"ஆமா, இல்லன்னா நாளைக்கே வந்திருக்கும் பாரு. போய்யா" என்றாள் ட்ரையர் அக்கா.

கடைசி மாதத்துக் கார்டு மட்டும் மிச்சம் இருந்தது. வாங்கி வைத்த கார்டை யாருக்காவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? விதிப்படி சித்திக்கு வந்தது. அவள் அதை நேராக ட்ரையர் அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினாள். ட்ரையர் அக்கா அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"எடுத்துட்டுப் போக்கா. குக்கரும் கையுமா வந்து நின்னே, அந்த மூடியாலயே அடிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் அந்தக் கடைக்குப் போனோம். இத்தனை பேரை அனுப்பியவள் ஒருமுறையும் உள்ளே நுழைந்ததில்லை. பாத்திரம், போர்வை, மின்விசிறி என்று ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். சித்தப்பாவுக்குச் சட்டை ஒன்றை எடுத்தாள். எனக்கு ஒரு பை எடுத்தாள். நான் இரண்டையும் அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தேன்.

"எனக்கு என்னடி வேணும்?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

அவள் பாதத்தைப் பார்த்தேன். ஈரத்தில் நின்று நின்று விரலிடுக்கு வெளுத்து, தோல் உரிந்திருந்தது. ஆலையில் கொடுத்த பூட்ஸில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அவள் சொல்லவே இல்லை.

செருப்புப் பகுதியில் முழங்கால் வரை வரும் கனமான ரப்பர் பூட்ஸ் இருந்தது. சித்தி உட்கார்ந்து ஒரு காலை நுழைத்தாள். எழுந்து நின்றாள். நான்கு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"ஒரு சைஸ் பெருசு குடும்மா. சாயங்காலம் கால் வீங்கும்."

விற்பனைப் பெண் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தாள். "யாருக்கு ஆன்ட்டி, வீட்டுல சாருக்கா?"

"இல்ல" என்றாள் சித்தி. கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எனக்குத்தான்."