டேப் ஒட்டிய கேமரா

புகைப்படக்காரருக்கு உலகம் திடீரென்று அழகாகத் தெரிய ஆரம்பித்ததுதான் தொந்தரவே.

தெருவிளக்குகள் ஆளுக்கொரு ஒளிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. மாடிப்படியில் இறங்கி வரும் மனைவி படிக்குப் படி கரைந்து, மறுபடி ஒன்று சேர்ந்து வந்தாள். கொடியில் காயும் சட்டைகள் காற்றே இல்லாமல் அசைந்தன. எல்லாவற்றின் மேலும் யாரோ ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. மனிதர் பதற வேண்டாமா? ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கண் டாக்டர்தான், வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் இறங்கட்டும், ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சொல்லி அந்த ரசனையில் மண்ணைப் போட்டார்.

வலது கண் அவருக்குச் சோறு போட்ட கண். கேமராவின் சின்ன ஜன்னலில் அதை வைத்துத்தான் இத்தனை காலமும் ஊரார் முகங்களைப் பார்த்து வந்திருக்கிறார். மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். தம்பியிடம் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அந்தத் தம்பி, அதாவது இவருடைய மச்சான், தொழிலில் இவருக்குப் பாதி. இருவரும் சேர்ந்தே படம் எடுப்பவர்கள். இருவரிடமும் ஒரே கம்பெனி கேமரா, கழுத்தில் மாட்ட மஞ்சள் பட்டை போட்டது. லென்ஸ்கள் எல்லாம் பொது. இவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டுவார். எந்த லென்ஸ் என்று சொல்ல மாட்டார். வேண்டியது கைக்கு வந்துவிடும். மச்சான் கை நீட்டினால் இவர் வைப்பார். வாய் திறந்து கேட்ட நாள் கிடையாது. ஏதோ குடும்பச் சண்டையில் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில்கூட லென்ஸ் மட்டும் தப்பாமல் வந்து சேர்ந்தது.

மச்சானோ மஞ்சள் பட்டைக்காக உயிரையே கொடுப்பான். போட்டிக் கம்பெனியின் சிவப்புப் பட்டைக் கேமராக்காரர்கள் அவனுக்கு 'அந்தப் பக்கத்து ஆளுங்க'. அவர்கள் லென்ஸை மாட்டத் திருப்புவது ஒரு பக்கம், இவர்கள் திருப்புவது எதிர்ப்பக்கம். "கதவைத் தள்ளணுமா இழுக்கணுமான்னே தெரியாத ஜனங்க மாமா" என்பான். சொந்தக்காரர் ஒருவர் சிவப்புப் பட்டை வாங்கி எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தபோது, வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு நின்றவன் அவன். அந்தப் படம் இன்னமும் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இப்படிப்பட்டவனிடம் என்னவென்று சொல்வது? கண் மங்கிவிட்டது என்றால், "நீங்க உக்காருங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அந்த அன்புதான் இவருக்குப் பயம். உட்கார்ந்துவிட்டால் பின்னால் நீட்டிய கையில் யார் எதைக் கொண்டுவந்து வைப்பார்கள்?

ஒரு மழை நாளில் குடையோடு கேமராக் கடைக்குள் ஒதுங்கினார். கடைக்காரர் பேச்சுவாக்கில் ஒரு புதுக் கேமராவைக் கையில் கொடுத்தார். சிவப்புப் பட்டை. வேண்டாவெறுப்பாகக் கண்ணை வைத்தார். உள்ளே சின்னத் திரை ஒன்று வெளிச்சமாக விரிந்தது. கல்லாவில் இருந்த பெண்ணின் முகத்தைக் கேமராவே தேடிப் பிடித்து, அவள் கண்ணின் மேல் ஒரு பச்சைக் கட்டத்தைக் கொண்டுபோய் வைத்தது. அவள் நகர்ந்தாள், கட்டமும் கூடவே நகர்ந்தது. ஃபோகஸ் பற்றி இனி இவர் கவலைப்பட ஒன்றுமில்லை. மஞ்சள் பட்டையிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். இவர் கேட்கவில்லை. தொலைந்த முகம் கண்ணெதிரே வந்து நிற்கும்போது நின்று விசாரிக்க யாருக்குத் தோன்றும்?

கூடவே ஒரு லென்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, கம்பெனிப் பெயரின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் கறுப்புப் பட்டை மாட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவிக்குக்கூட அவர் இப்படி ஒரு துரோகம் செய்ததில்லை. அன்றிரவு தூக்கமே பிடிக்கவில்லை.

அந்த வாரம் ஒரு நடனக் குழுவின் ஒத்திகையைப் படம் எடுக்க இருவரும் போனார்கள். பகல் நேரம்தான் என்றாலும் அரங்கத்துக்குள் இருட்டு. மேடையில் மட்டும் நீல வெளிச்சம். பெண்கள் காலில் சத்தமே இல்லாமல் குளத்துத் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல நகர்ந்தார்கள். ஒருத்தி கையை உயர்த்தினால் அந்தக் கையின் மங்கல் கொஞ்ச நேரம் காற்றிலேயே தங்கியது. இவர் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். பச்சைக் கட்டம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. படங்கள் கத்தி மாதிரி விழுந்தன. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மனசு லேசாயிற்று. தான் எங்கே இருக்கிறோம், கையில் இருப்பது என்ன என்பதே மறந்துபோயிற்று.

மறந்ததுதான் வினை. மேடையின் கோடியில் ஒருத்தி தனியே சுழல ஆரம்பித்தாள். கிட்டத்தில் பார்க்க வேண்டும். போட்டிருந்த லென்ஸைக் கழற்றினார். இடது கை தானாகவே பின்னால் போயிற்று. லென்ஸ் வந்தது. தூர லென்ஸ், சரியானது. மாட்டினார். ஏறவில்லை. பழக்கப்பட்ட பக்கம் திருப்பினார். எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது, வந்தது மஞ்சள் பட்டை லென்ஸ். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏறாது மாமா, விடுங்க" என்றது இருட்டுக்குள்ளிருந்து மச்சானின் குரல். கோபம் இருக்கிறதா என்று தேடினார். தெரியவில்லை.

"வாங்கிட்டேன்டா."

"வாசல்லயே பாத்துட்டேன். டேப்ப ஒட்டினா அது வேற கேமரா ஆயிடுமா?"

"தெரிஞ்சும் ஏன்டா லென்ஸக் குடுத்தே?"

"நீங்க கைய நீட்டினீங்க. நீட்டினா குடுக்காம இருக்க எனக்குத் தெரியல."

மேடையில் இசை நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மச்சான் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தான்.

"கண்ணு ரொம்ப மங்கிடுச்சா?"

"உங்க அக்கா சொன்னாளா?"

"அவ உங்க கட்சி, வாயே திறக்கல. உங்க பழைய கேமராதான் காட்டிக்குடுத்துச்சு."

வேலை முடிந்ததும் இருவருடைய கேமராக்களையும் துடைத்து வைப்பது மச்சான்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில், பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ள ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. மாமாவின் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இனி நகர இடமில்லாமல் ஓரத்தில் முட்டி நின்றதை அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நிறுத்திடுவீங்களோன்னு பயம். நீங்க நிறுத்திட்டா நான் யார்கிட்டப் போயி கைய நீட்டறது?"

இத்தனை நாள் தான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்ததாக இவர் நினைத்திருந்தார்.

"கைய நீட்டுங்க" என்றான் மச்சான்.

நீட்டினார். இந்தத் தடவை வந்தது லென்ஸ் இல்லை, முழுக் கேமரா. மச்சானுடைய மஞ்சள் பட்டைக் கேமரா, அவன் கன்னத்துச் சூடு ஆறாமல். தூர லென்ஸையும் அவனே அதில் மாட்டியிருந்தான். கண்ணை வைத்தார்.

சுழலும் பெண்ணுக்கு ஓரங்கள் இருந்தன. முழுத் தெளிவு என்று சொல்ல முடியாது. ஆனால் மூக்கு மூக்காகவும் விரல் விரலாகவும் இருந்தது. ஜன்னலை விரலால் தடவிப் பார்த்தார். மேலே சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று திருகியிருந்தது.

"இது என்னடா?"

"பவர் கண்ணாடி. உங்க சக்கரம் முட்டி நின்னுச்சே, அதுக்கு மேல வேண்டிய பவரு. என்னைக்காவது என் கேமராவக் கேப்பீங்கன்னு போட்டு வச்சேன். நீங்க என்னடான்னா அந்தப் பக்கம் போயிட்டீங்க."

"என் கண்ணுக்குப் போட்டா உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாது. முகத்த நடுவுல வச்சா ஃபோகஸக் கேமராவே பாத்துக்கும். எனக்கு எல்லாம் மங்கலாத்தான் ஓடும்." மச்சான் டேப் ஒட்டிய கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "உங்களுக்கு இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சுக்குவேன். ஒண்ணு சொல்லவா மாமா? அழகாத்தான் இருக்கு."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கிடைத்த ஓரங்களெல்லாம் மறுபடியும் கரைந்தன. கரையட்டும் என்று அப்படியே இருந்தார்.

மாமா கழற்றி வைத்திருந்த லென்ஸை மச்சான் எடுத்து, முதலில் தப்பான பக்கமும் பிறகு சரியான பக்கமும் திருப்பி மாட்டினான். சிவப்புப் பட்டைக் கேமராவைக் கண்ணில் வைத்தவன் வெகு நேரம் எடுக்கவே இல்லை.

"எப்படிடா இருக்கு?"

"பரவால்ல." பச்சைக் கட்டத்தின் பின்னாலேயே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். "டேப் மட்டும் இருக்கட்டும் மாமா. யாராவது பாத்துடப் போறாங்க."