தொற்றுச்செடி

ஐந்தாம் மாடிக் குளியலறை ஜன்னலில் தொங்கிய ஆர்க்கிட் பூக்கும்போதெல்லாம், அந்த வீட்டு மாப்பிள்ளை அப்போது எங்கே இருந்தாரோ அந்த இடத்தின் வாசனை வீசியது. முதல் வருடம் ஈரச் சிமென்ட். அடுத்த வருடம் டீசலும் உப்புக் காற்றும். அவர் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் கட்டடம் எழும்பும் ஊரெல்லாம் வேலை கிடைத்திருக்கும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பூவை யாரும் சந்தேகப்படவில்லை. ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்குமே என்பதுதான் அவர்களுடைய குறை.

அவர் போனது ஒரு சொல்லால். லிஃப்ட் கம்பெனியை மூடிய பிறகு மனைவியின் அப்பா வீட்டிலேயே இருந்தார். மனைவி பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். வீடெங்கும் உருகிய மெழுகு. அப்பா லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிறவர். காட்டோர விடுதி ஒன்றுக்குக் கடைசியாக லிஃப்ட் மாட்டப் போனபோது, முறிந்து விழுந்த கிளையோடு மாப்பிள்ளை அந்தச் செடியைக் கொண்டுவந்திருந்தார். மரப்பட்டையில் நைலான் நூலால் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டார். மண் கூடாது, குளிக்கும் ஆவி போதும், காலையில் மட்டும் வெள்ளை வேர் பச்சையாகும்வரை தண்ணீர் தெளித்தால் சரி என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் கூட உட்கார்ந்து அதைக் கேட்ட மாமனார், "மண்ணும் வேணாம், சட்டியும் வேணாம், அடுத்தவன் மேல ஒட்டிக்கிட்டு சொகுசா தொங்குமா? அப்ப வீட்டுல ரெண்டு ஒட்டுண்ணி ஆச்சு" என்றார். தமாஷாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "ஒட்டுண்ணி இல்ல மாமா, தொற்றுச்செடி. மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். மரத்துக்கிட்டேருந்து எதையும் எடுத்துக்காது."

மறுநாள் காலை கருவிப்பெட்டியோடு இறங்கிப் போனார். படியில்தான் போனார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. உதிரி பாகம் வாங்கித் தர உரிமையாளருக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் போன் எண் விரைவிலேயே உபயோகத்தில் இல்லை என்றது.

பூக்கும் நாட்களில் அவள் ஸ்டூலைக் குளியலறைக்குள் இழுத்துப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து பல்செட் மெழுகில் பல் அடுக்கினாள். டீசலும் உப்பும் மெழுகில் கலந்தன. அந்த வருடம் பல்செட் போட்டவர்கள் கடற்கரையைக் கனவு கண்டதாக டாக்டர் சொன்னார். புகார் எதுவும் வரவில்லை. மூன்றாம் வருடம் பூ உயர்ந்த ரக சோப்பு வாசனையில் மலர்ந்தது. எவள் வீட்டுச் சோப்போ என்று அவள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டாள். சில நாள் கழித்து அதில் ஈரத் துணிக்கட்டும் நீராவியும் சேர்ந்து வர, ஏதோ ஓட்டலின் சலவையறை என்று புரிந்து, செடியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்தாள்.

மாமனாருக்குத் தான் சொன்ன 'ஒட்டுண்ணி' உறுத்திக்கொண்டே இருந்தது. நல்லது செய்வதாக நினைத்து, மகள் வெளியே போன நேரத்தில் செடியைப் பட்டையிலிருந்து பிரித்து, புதுச் சட்டியில் மண்ணும் எருவும் போட்டு நட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றினார். மொட்டுகள் பழுத்து உதிர்ந்தன. மிஞ்சிய ஒன்று மலர்ந்தபோது வீடு முழுக்க பினாயிலும் ஊசி மருந்தும் காய்ச்சல்காரரின் போர்வையும் நாறின. அவள் செடியைப் பிடுங்கி, அழுகிய வேர்களை நறுக்கி, வெட்டிய இடத்தில் சமையலறையிலிருந்த பட்டைப் பொடியைத் தடவினாள். பழையபடி மரப்பட்டையில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டாள்.

"அதுக்குன்னு ஒரு இடம் வேணாமான்னுதாம்மா வச்சேன்" என்றார் கதவோரம் நின்ற அப்பா.

"இடம் கேக்கலப்பா அது. ஒட்டி நிக்க விட்டிருந்தா போதும்."

அதன் பிறகு தண்ணீர் தெளிப்பதை அவரே ஏற்றுக்கொண்டார். "போதுமா மாப்பிள்ளை?" என்று ஒவ்வொரு காலையும் செடியிடம் கேட்டார். புது வேர் விட ஒரு வருடம் ஆயிற்று, பூக்க இன்னொன்று.

அந்தப் பூவில் வாசனையே இல்லை. அவள் முகத்தைப் புதைத்துப் பார்த்தாள். அப்பாவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவள் கையிலிருந்த மெழுகு ஆறிப்போயிற்று.

துணி கொடுக்க வந்த இஸ்திரிக்காரர்தான் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். எந்தத் துணி யார் வீட்டுது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறவர் அவர். அவர்கள் துணியில் மெழுகும் அப்பா தேய்த்துக்கொள்ளும் தைலமும் அடிப்பதாகப் பல வருடமாகச் சொல்லியும், அவளுக்கு அது ஒரு நாளும் தெரிந்ததில்லை.

"என்னக்கா, இன்னைக்கு உங்க வீட்டு வாசனை தெருமுனை வரைக்கும் தூக்குது? மெழுகு, தைலம், பட்டைப் பொடி. ஜன்னல்லேருந்து கொட்டுது."

அவள் எழுந்து நின்றாள். இருக்கிற வீட்டின் வாசனை இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

கீழே ஏதோ இரும்பு உராய்ந்தது. இத்தனை வருடம் பழுதாகிக் கிடந்த லிஃப்ட் ஒரு முறை இருமிவிட்டு மேலே ஏறத் தொடங்கியது.

"கதவை நல்லாத் திறந்து வைம்மா" என்றார் அப்பா. "மாப்பிள்ளைய மணி அடிக்க வைக்காத."

செடி இப்போதும் வருடம் தவறாமல் பூக்கிறது. லிஃப்டில் ஏறி வருகிற யாரும் அந்த வாசனையைச் சொல்லாமல் போவதில்லை. அந்தப் பூவுக்கு மணம் உண்டா என்று கேட்டால், வீட்டில் இருக்கும் மூவரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.