ஓரகத்தி இணைத்த பஞ்சு

என் ஓரகத்திக்கு, அதாவது என் கொழுந்தன் மனைவிக்கு, நான் வைத்த பெயர் மூட்டை. நாங்கள் இருவரும் வீட்டிலேயே பஞ்சுப் போர்வை தைக்கிறவர்கள். உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பை வெட்டும்போது மிஞ்சுகிற துண்டையெல்லாம் அவள் மூட்டை கட்டிக் கட்டிலடியில் திணிப்பாள். பெருக்கப் போனால் விளக்குமாறு நுழையாது. நானும் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அவளுக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு.

மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தேன். கிடந்து கிடந்து முதுகில் புண் வந்துவிட்டது. மேடுபள்ளம் இல்லாத மெத்தென்ற விரிப்பு அடியில் வேண்டும், அடுத்த முறை வருவதற்குள் புண் ஆறத் தொடங்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று வீட்டுக்கு வந்து கட்டுப்போடும் நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி என்றாலே எனக்குப் பயம். வீட்டில் புதுப் பஞ்சு ஒரு சுருள்கூட இல்லை, எல்லாம் ஒரு விடுதி ஆர்டருக்குப் போயிருந்தது. மூட்டை தன் மூட்டைகளை அவிழ்த்தாள்.

மறுநாளே விரிப்பு வந்தது. படுத்தேன், கத்தினேன். துண்டின் விளிம்புமேல் விளிம்பை ஏற்றித் தைத்திருந்தாள். போர்த்திக்கொள்கிற போர்வைக்கு நாங்கள் அப்படித்தான் தைப்போம், பிரியாது. கை பழக்கத்தில் போய்விட்டது. அடியில் போட்டால் ஒவ்வொரு இணைப்பும் வரப்பாக முதுகை அறுத்தது.

"வெந்த புண்ணுல வேல் பாய்ச்சவா தைச்சே?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. என்னைப் பக்கவாட்டில் புரட்டி, விரிப்பை உருவிக்கொண்டு போனாள்.

பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உறையைப் பிரித்தாள். ஏறியிருந்த விளிம்புகளை வெட்டி எறிந்து, துண்டோடு துண்டு முட்டும்படி வைத்து, இழுக்காமல் தளர்வாகத் தைத்தாள். இழுத்தால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அவள் செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விரிப்பை வெறும் சிமெண்டுத் தரையில் போட்டு, மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் முதுகோடு அதன்மேல் மல்லாந்தாள். அசையாமல் கிடந்தாள். எழுந்து ஓர் இடத்தைத் தடவிப் பார்த்துப் பிரித்தாள், தைத்தாள், மறுபடி படுத்தாள். சாப்பிடக்கூட எழுந்துபோகவில்லை. அவள் திரும்பி உட்கார்ந்தபோது முதுகெல்லாம் கோடு கோடாகச் சிவந்திருந்தது. பாவி, நான் பட்ட வலியைத் தானும் பட்டுப் பார்த்துத்தான் தைத்திருக்கிறாள்.

அடுத்த முறை வந்த நர்ஸம்மா என்னைப் புரட்டிப் பார்த்தார். புண் ஆறிவருகிறது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். விரிப்பைத் தடவிக்கொண்டே யார் தைத்தது என்று கேட்டார்.

"என் தங்கச்சி" என்றேன்.

அவர் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ இல்லேன்னா நான் இந்நேரம் ஆஸ்பத்திரியில கெடப்பேன்டி. இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "நல்லா அழுங்கக்கா. ஆனா தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க, விரிப்பு நனைஞ்சா பஞ்சு கட்டிதட்டிடும்" என்றாள்.