பாஷ்யம் சாரின் மேனிபோல்டு

பாஷ்யம் சார் கார் என் ஷெட்டுக்கு வந்தது அன்றோடு பதினோராவது தடவை. எட்டு மாசத்தில் பதினோரு தடவை ஒரே ரிப்பேருக்கு ஒரு கார் வருகிறது என்றால், ஒன்று மெக்கானிக்குக்குத் தொழில் தெரியாது, இல்லை அவன் திருடன். எனக்குத் தொழில் நன்றாகவே தெரியும்.

இன்ஜின் கக்குகிற புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்புகிற இரும்புக் குழாய்க்கு மேனிபோல்டு என்று பேர். சார் காரில் அது விரிசல் விட்டிருந்தது. முதல் நாளே பார்த்துவிட்டேன். புதுசு மாற்ற அரை நாள் வேலை. ஆனால் மாற்றிவிட்டால் அந்தக் கார் அப்புறம் என் ஷெட் இருக்கிற சதுரங்கப்பட்டினம் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அதனால் விரிசல் மேல் சைலன்சர் பேஸ்டைத் தடவி, மூட்டில் வைக்கிற கேஸ்கெட் லூசாக இருந்தது, டைட் பண்ணிவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரத்தில் பேஸ்ட் காய்ந்து உதிரும். கார் படபடவென்று கத்தும். சார் மறுபடி மகாபலிபுரத்திலிருந்து வருவார். கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள், புகை உள்ளே வந்தால் ஆபத்து என்று மட்டும் தவறாமல் சொல்வேன். அந்த அளவுக்கு மனசாட்சி மிச்சமிருந்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேச ஆள் கிடையாது. என் பெண்டாட்டி என்னோடு வாழ முடியாது என்று போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. என் வாய் அப்படி, அவள் பேரில் குற்றமில்லை. வண்டி விட வருகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனில் குனிந்துவிடுவார்கள். சார் ஒருத்தர்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேப்பரில் வாசகர் கடிதங்களைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு கடிதத்தோடும் சண்டை போடுவார். நான் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கடிதம் எழுதியவன் பக்கம் பேசுவேன். அவர் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர், விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் சம்சாரம் காமு அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிளாஸ்கில் கொண்டுவரும் காப்பியில் பாதியை மூடியில் ஊற்றி எனக்குக் கொடுப்பார். நான் எண்ணெய்க் கையோடு வாங்கினாலும் முகம் சுளித்ததில்லை.

அன்றைக்கு வந்தவர் டிக்கியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே புது மேனிபோல்டு. பூனாவில் இருக்கும் மகள் மானசா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாராம், வீட்டை வாடகைக்கு விட்டாயிற்றாம். காரைத் தங்கை பிள்ளை பத்ரிக்குக் கொடுக்கிறார். பத்ரி மறைமலைநகரில் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்கிறவன். காருக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு அவனே இதை வாங்கிக் கொடுத்தானாம். வேலை முடிந்ததும் போன் செய்தால், ஷிப்ட் விட்டு வந்து எடுத்துப்போவான்.

இப்போதுதான் விரிசல் விட்டிருக்கும் போல சார், என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். அன்றைக்குச் சத்தமாகப் படிக்கவில்லை.

பழைய மேனிபோல்டு ஒரு மணி நேரத்தில் கழன்று வந்தது. அதில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் சென்சார்தான் வரவில்லை. விரல் நீளம்தான் இருக்கும், புகையை மோப்பம் பிடித்து இன்ஜினுக்குச் சேதி சொல்கிற சாமான். அதைப் பத்திரமாகக் கழற்றிப் புதியதில் போட்டாக வேண்டும். மேனிபோல்டை மேஜையில் பொருத்திய வைஸில் கவ்வ வைத்து, ஒயர் நுழைகிற மாதிரி வெட்டு விட்ட சாக்கெட் ஸ்பானரைப் போட்டு நெம்பினேன். மசியவில்லை. துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து அரை மணி காத்திருந்தேன். அப்படியே இருந்தது. வராமலே போகட்டும், இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிடலாம் என்று மனசு சொன்னது. ஒரு தம்மாத்துண்டு சாமானிடம் தோற்பதா என்று கை கேட்டது.

கடைசியில் வெல்டிங் கேஸைப் பற்றவைத்து, சென்சாரைச் சுற்றி இருந்த இரும்பை மட்டும் சூடு காட்டினேன். சிவந்துவரும்போது ஒரு நாற்றம் கிளம்பியது. ஷெட் முழுக்க மீன். மரையைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக ஏதோ உருகியது. கடற்கரையில் தோணிக்குப் பூசுகிற மீனெண்ணெய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு முட்டையைக்கூடத் தொடாத மனுஷர் கார் இது.

"இன்னா சார் இது, மீனெண்ணெய் வாசனை வருது. யாரு பூசினா?"

"நான்தான்" என்றார்.

போன ஐப்பசியில் செங்கல்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாராம். வழியில் கார் கத்தியிருக்கிறது. அங்கே ஒரு மெக்கானிக் டார்ச் அடித்து விரிசலைக் காட்டியிருக்கிறான். ஊர் திரும்பியவர், கரையில் தோணி பழுது பார்க்கிற ஒருவரிடம், விரிசல் பெரிசாகாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். மீனெண்ணெய் அடிப்போம் என்று அவர் மரத்துக்குச் சொன்னதை, இவர் இரும்புக்கு வைத்துக்கொண்டார். மாசா மாசம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, காருக்கு அடியில் படுத்து, பிரஷ்ஷால் பூசிவிட்டு வந்து தலைக்குக் குளித்திருக்கிறார். அது ஓட்டுகிற சூட்டில் வெந்து வெந்து, வாடை அடங்கி, கோந்தாகி, சென்சாரை ஒட்டவைத்துவிட்டது.

மரமும் இரும்பும் ஒன்றா சார் என்று கத்தினேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஐப்பசியிலேயே இவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு எட்டு தடவை வந்திருக்கிறார், எட்டு தடவையும் நான் கேஸ்கெட் கதை சொல்லியிருக்கிறேன்.

தெரிந்தும் ஏன் மாற்றச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாத்திட்டா இங்க வர வேண்டியதில்லையே" என்றார். "நீ தெரிஞ்சேதான் ஒட்டி ஒட்டி அனுப்பறேன்னு புரிஞ்சுது. காசுக்காகப் பண்றேன்னு நெனச்சேன். போறது, பேச ஒரு எடம் இருக்கே, அதுக்குக் குடுக்கறதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கேஸை அணைத்தேன். என்னைத் திருடன் என்று எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், திருப்பித் திட்டியிருக்கிறேன். இவர் திட்டவே இல்லை. கண்ணில் நீர் முட்டியது, புகை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைத்தேன்.

"துட்டுக்கு இல்ல சார். நீங்க வந்துகினே இருக்கணும்னுதான் அப்பிடிப் பண்ணேன்."

அவர் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"மானசா ரெண்டு தடவை கூப்பிட்டா, வரலைன்னுட்டேன். மூணாவது தடவை கேட்டப்போ, இங்க எனக்குன்னு யார் இருக்கா, இருக்கற ஒருத்தனும் ஏமாத்தறான்னு தோணித்து. சரின்னுட்டேன்."

நான் வைஸ் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரும்பில் சூடு இன்னும் இருந்தது. சாக்கெட்டைப் போட்டு, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, மறுபடி தளர்த்தி, மரை போகாமல் வெளியே எடுத்தேன். சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மரையைத் துடைத்து, இனி ஒட்டாதபடி செம்புப் பசை தடவிப் புது மேனிபோல்டில் போட்டேன். கேஸ்கெட்டும் புதுசு. மூன்று மணிக்கு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். எந்தக் குறையும் சொல்ல முடியாது.

டிக்கெட்டை ரத்து செய்ய முடியாதா என்று கேட்டேன். வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று, திங்கட்கிழமை குடிவருகிறார்கள், பேத்தி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். அவர் பிளாஸ்கில் மிச்சமிருந்த காப்பியைப் பாதி பாதியாக ஊற்றினார். ஆறிப்போயிருந்தது. பேப்பரில் யாரோ ஒருவர் தெருநாய்களைப் பற்றிக் கடிதம் எழுதியிருந்தார். சார் அதைச் சத்தமாகப் படித்தார். நான் நாய்கள் பக்கம் பேசினேன்.

ஐந்தரைக்கு பத்ரி போன் பண்ணி, வண்டி ரெடியா மாமா என்று கேட்டான். சென்சார் இன்னும் வரவில்லை, நாளைக்குத்தான் ஆகும் என்று சார் சொன்னார்.