உருளைக்கு அடியில் போன பலகை

உருளைக்கு அடியில் நுழைந்த பலகை, நுழைந்த வேகத்திலேயே மறுபக்கம் பாய்ந்து தச்சுப்பட்டறைக் கதவில் மோதி விழுந்தது. கதவருகே டீ குடித்துக்கொண்டிருந்த தம்பி, டம்ளரும் கையுமாக ஸ்டூல் மேல் ஏறிவிட்டான்.

"அக்கா! உப்புத்தாள் மெஷின் செய்யறேன்னுதானே சொன்ன? பீரங்கி செய்யறேன்னு சொல்லவே இல்லையே!"

அக்கா மோட்டாரை நிறுத்தினாள். உருளை சுற்றும் போக்கிலேயே பலகையைத் தள்ளியிருக்கிறாள். எதிர்த்துத் தள்ளியிருந்தால் தேய்த்திருக்கும். கூடவே போனதால் பிடுங்கி எறிந்துவிட்டது.

"இந்தப் பக்கமிருந்து தள்ளணும், அவ்வளவுதான். இறங்குடா கீழே."

வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, டாக்டர் அவளுக்கு எல்லாவற்றையும் அனுமதித்தார், கையால் உப்புத்தாள் போடுவதைத் தவிர. பட்டறையில் அவள் வேலையே அதுதான். அறுப்பது தம்பி, மட்டமாக்கி முடிப்பது அக்கா. தம்பி உடனே ஒரு ஏற்பாடு செய்துவிட்டான். பலகைகள் இனி மர மில்லுக்குப் போய்த் தேய்ந்து வரும். அக்கா முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பாள். "உன் நல்லதுக்குத்தான்கா சொல்றேன்" என்றான். அவன் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது. எத்தனையோ வருஷம் உப்புத்தாள் மேசை முன்னால் நின்றவள், தலையை ஆட்டிவிட்டு, மறுநாளே பிளைவுட்டில் வட்டம் வட்டமாக வெட்ட ஆரம்பித்தாள்.

வட்டங்களை ஓர் இரும்புக் கம்பியில் கோத்து ஒட்டினால் உருளை. அதைச் சுற்றி, தலைப்பாகை கட்டுவது போலச் சாய்வாக உப்புத்தாள். இரு முனையிலும், மரக்கட்டை மேல் பேரிங். அடியில், ஏற்றி இறக்கக்கூடிய பலகைத் தட்டு. மோட்டார்தான் இல்லை. வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து பெல்ட்டோடு கழற்றினாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்.

"ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறேன். என் சட்டைய நான் கையாலேயே துவைக்கணுமா?" என்று கத்திய டெய்லர் கணவன், இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு தூள் பிடிக்க ஒரு துணிப்பை அவனே தைத்துக் கொடுத்தான். கைப்பழக்கத்தில் அதற்கும் ஒரு பாக்கெட் வைத்திருந்தான்.

இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் மில் வண்டி வரும். நூலகத்துக்கான மேசைப் பலகைகள் சுவரோரம் காத்திருந்தன. அதற்குள் ஒரு பலகையாவது மட்டமாக வந்துவிட்டால் எதையும் அனுப்புவதில்லை என்று தம்பி ஒப்புக்கொண்டிருந்தான். வராவிட்டால் அவள் மேசை இருக்கும் இடத்தில் மில் சரக்கை அடுக்குவதாகவும் பேச்சு.

இம்முறை பலகை ஒழுங்காக உள்ளே போனது. பாதியில் உருளை திணறி நின்றது, பெல்ட் வழுக்கியது. மோட்டாரைக் கீழே இழுத்து பெல்ட்டை இறுக்கினாள். மறுபடி ஓட்டினாள். வழவழவென்று வெளியே வந்த பலகையைத் தம்பி தடவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மட்டக்கோலை வைத்தான். கோலுக்கு அடியில் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"ஒரு ஓரம் தேய்ஞ்சு போயிருக்குக்கா. இதைச் சேர்த்து ஒட்டினா மேசை பள்ளமாயிடும்."

வாசலில் மில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"அவரை உட்காரச் சொல்லு."

"அக்கா, போதும். முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு..."

"உட்காரச் சொல்லுடா!"

தம்பி போனான். அக்கா உருளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று உப்புத்தாள் சுற்றுமுன், உருளையைத் தேய்த்து மேடுபள்ளம் எடுத்தது அவள்தான். அப்போது மட்டமாகத்தான் இருந்தது. அதன்பிறகு என்ன மாறியது? பெல்ட்டைத் தவிர எதுவும் மாறவில்லை. விரலால் பெல்ட்டைச் சுண்டினாள், விறைப்பாக இருந்தது. பேரிங்கைத் தாங்கும் மரக்கட்டையில் நகத்தை ஊன்றினாள். நகம் பதிந்தது. மென்மையான மரம். இறுகிய பெல்ட் அந்த முனையை முடியளவு கீழே இழுத்திருக்கிறது. தேய்ந்த ஓரமும் பெல்ட் பக்கம்தான்.

தளர்ந்த பெல்ட்டோடு மட்டம் பார்த்துவிட்டு, இறுக்கிய பெல்ட்டோடு வேலை வாங்கியிருக்கிறாள்.

கட்டையை மாற்றினாள். கடினமான மரம், நான்கு போல்ட். பெல்ட்டை இறுக்கினாள். சுற்றிய உப்புத்தாளை உரித்துவிட்டு, இன்னொரு தாளைத் தட்டில் ஒட்டி, வெறும் உருளையை அதன்மேல் ஓடவிட்டு மறுபடி மட்டமாக்கினாள். துணிப்பை மெல்ல உப்பியது. தோள் வலிக்கவில்லை. தட்டை ஏற்றும் கைப்பிடியைச் சுற்ற இடது கையே போதும்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சாப்பாட்டுக்குப் போகணும்."

"போயிட்டு வாங்கண்ணே. வந்தா, வெறும் வண்டியாத்தான் திரும்பணும்."

வண்டிக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி உத்தரத்தைப் பார்த்தான். அவர் போகவில்லை; பீரங்கியின் கதையை எப்படியோ கேட்டிருந்ததால், கதவுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டார்.

உருளைக்குப் புதுத்தாள் சுற்றியானது. அக்கா ஒரு மேசைப் பலகையை எடுத்து, அதன்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கினாள். தேய்ந்த இடத்தில் கோடு அழியும். தம்பி மெஷினின் மறுபக்கம் போய், பலகையை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினான்.

மோட்டார் இரைந்தது. பலகை மெல்ல அடியில் போனது. மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பெல்ட் பக்கம் கோடுகள் மங்கியிருந்தன. எதிர்ப்பக்கமும் அதே அளவு மங்கல். நடுவில் மட்டும் ஒரு வளைந்த கோடு இன்னும் கறுப்பாக இருந்தது. அது பலகையின் சொந்தப் பள்ளம், இன்னொரு முறை ஓட்டினால் போய்விடும்.

தம்பி பலகையைத் தூக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் கைப்பிடியை இன்னும் கால் சுற்று திருப்பினாள்.