விளிம்புக்கு வராத கதவுகள்

எங்கள் வேலைக்கு முதல் தகுதி வாயால் உறிஞ்சத் தெரிந்திருப்பது. வாங்கிய பட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை, நுண்ணோக்கியில் பார்த்தபடியே ஒரே ஒரு செல்லின் மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்தக் குழாயோடு சேர்ந்த ரப்பர் குழல் என் வாயில் இருக்கும். மெல்ல ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் செல்லின் உறை கண்ணாடி விளிம்போடு கப்பென்று ஒட்டிக்கொள்ளும். இன்னோர் உறிஞ்சில் அந்த இடத்தில் மட்டும் உறை கிழியும். பிறகு அந்தச் செல்லுக்குள் போகிற வருகிற மின்சாரமெல்லாம் என் திரையில் கோடாக ஓடும். அவசரப்பட்டுக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சினால் செல் போச்சு, அரைநாள் உழைப்பும் போச்சு.

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச? ஜூஸ் கடையில உட்கார்ந்திருந்தா காசாவது மிச்சமாயிருக்கும்" என்பான் என் அண்ணன். நானும் அண்ணனும் அண்ணியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் பார்க்கிறான். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வந்து படுப்பான். வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில்தான் எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் நடக்கும்.

அன்று காலையும் அப்படித்தான். படியேறி வந்தவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல வாலு. லேசா கிறுகிறுன்னுச்சு. ராத்திரி சரியா சாப்பிடல."

"கால் வலியா?"

"வலியா? அது போய் எத்தனையோ நாளாச்சு. உங்க மாத்திரை தங்கமான மாத்திரை" என்று காலை உதறி ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினான். கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து அந்தக் காலில் நரம்பு வலி அவனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. புது வலி மாத்திரைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனாகவே போய்ச் சேர்ந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த மாத்திரை அட்டையைப் பார்த்தபோதுதான் அது எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்த மருந்து என்று எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மருந்துக்கு எங்கள் கூடத்தில் 'செல்லப்பிள்ளை' என்று பெயர். எல்லாச் சோதனையிலும் தேறியதால் எங்கள் தலைவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

என்ன சோதனை என்று சொல்லிவிடுகிறேன். செல்லின் உறை என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்பது. தண்ணீரைக் கண்டால் ஆகாத வால்களை உள்பக்கமாக வைத்துக்கொண்டு நிற்கும். உப்புகள் அதைத் தானாகத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமென்றால் உறையில் பதிந்திருக்கும் புரதக் கதவுகள் வழியாகத்தான் போக வேண்டும். இதயச் செல் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் பொட்டாசியத்தை வெளியே விட்டால்தான் ஓய்வு நிலைக்குத் திரும்பும். அதற்கென்று ஒரு கதவு இருக்கிறது. அது அடைபட்டால் அடுத்த துடிப்பு தாளம் தப்பும். தப்பிய தாளம் சிலருக்குத் திரும்பாமலே போய்விடும். எந்த மருந்தையும் மனிதருக்குக் கொடுப்பதற்குமுன் அது இந்தக் கதவை அடைக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கதவை உருவாக்கும் செல்களைத் தட்டில் வளர்ப்போம். மின்சாரத்தை அளப்போம், மருந்தை ஊற்றுவோம், சில நிமிடம் பொறுத்து மறுபடி அளப்போம். பிறகு தட்டைக் கொட்டிவிடுவோம். மருந்து பட்ட தட்டு அன்றே குப்பைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கூடத்தில் மீற முடியாத விதி.

நீண்ட விடுமுறை முடிந்து திறந்த நாள் அது. செல் வளர்க்கும் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். செல்கள் கொழுகொழுவென்று இருந்தன. முதல் உறிஞ்சிலேயே உறை ஒட்டியது. நாள் நன்றாகத்தான் தொடங்குகிறது என்று நினைத்தேன்.

திரையில் கோடு தட்டையாக ஓடியது. மின்சாரமே இல்லை.

அடுத்த செல்லுக்குப் போனேன். அதிலும் இல்லை. இயந்திரம்தான் விடுமுறை மயக்கத்தில் இருக்கிறது என்று அதைத் திட்டினேன், கம்பிகளைக் கழற்றி மாட்டினேன், புதுக் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து நுனி செய்தேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் பெட்டியிலிருந்து அதே நாளில் வளர்க்கப் போட்ட இன்னொரு தட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் பொட்டாசியம் அழகாக வெளியேறியது. முதல் தட்டைத் திரும்ப வைத்தால் மறுபடி கோடு தட்டையாகவே ஓடியது.

தட்டின் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் அழிந்துபோன சிவப்பு மையின் சாயல் இருந்தது. எங்கள் கூடத்தில் எதைத் தொட்டாலும் ஸ்பிரிட்டால் துடைப்போம். அது கிருமியைக் கொல்லும்போது மூடியில் எழுதியதையும் சேர்த்துக் கொண்டுபோகும். சிவப்பு மை என்றால் மருந்து பட்ட தட்டு. விடுமுறைக்கு முந்தைய நாள் செல்லப்பிள்ளையை ஊற்றி முடித்த நேரத்தில் கட்டடத்தில் கரண்ட் போனது நினைவுக்கு வந்தது. மறுபடி அளக்க முடியாத எரிச்சலோடு தட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். விடுமுறை முழுக்க அந்தச் செல்கள் மருந்திலேயே ஊறிக் கிடந்திருக்கின்றன.

மருந்து கதவை அடைக்கவில்லை என்று நானேதான் பலமுறை அளந்திருக்கிறேன். அப்படியானால் இது என்ன?

தட்டை எடுத்துக்கொண்டு ஆந்தையிடம் ஓடினேன். பகலெல்லாம் இருட்டறையில் ஒளிரும் செல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எங்கள் செல்களில் அந்தக் கதவுப் புரதம் பச்சையாக ஒளிரும்படி செய்திருப்பதும் அவள் கைவேலைதான்.

"கதவைச் சாத்து, வெளிச்சம் வருது" என்றாள். முதலில் மருந்து படாத தட்டை வைத்தாள். ஒவ்வொரு செல்லையும் சுற்றி வெளி விளிம்பில் பச்சை வளையம் தெரிந்தது. எல்லாக் கதவுகளும் அவற்றுக்குரிய இடத்தில் இருந்தன.

பிறகு என் தட்டை வைத்தாள். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

"இங்க வந்து பாரேன்."

பார்த்தேன். விளிம்பு கறுப்பாக இருந்தது. பச்சையெல்லாம் செல்லின் நடுவே, உட்கருவை ஒட்டிக் குவிந்து கிடந்தது.

"உள்சட்டகம் போயிடுச்சா?" என்று கேட்டேன். செல்லுக்குள் இழைகளும் குழல்களுமாக ஒரு சட்டகம் உண்டு. செல்லுக்கு உருவம் கொடுப்பது அதுதான். உள்ளே தயாராகும் புதுக் கதவுகளைப் பொட்டலம் கட்டி உறைக்குச் சுமந்து போவதும் அந்தக் குழல்களின் வழியாகத்தான்.

அவள் வேறொரு சாயத்தை விட்டுப் பொறுத்திருந்து பார்த்தாள். "சட்டகம் கல்லு மாதிரி இருக்கு. பாதை திறந்துதான் இருக்கு, சரக்குதான் கிளம்பவே இல்ல. செய்யற இடத்துலயே புடிச்சு வச்சிருக்கு உன் செல்லப்பிள்ளை. வெளியில இருந்த பழசெல்லாம் தேய்ஞ்சு போயிருக்கும், புதுசு ஒண்ணுகூட வந்து சேரல."

"அப்போ அஞ்சு பத்து நிமிஷத்துல அளந்தா..."

"எப்படித் தெரியும்? அப்போ பழைய கதவெல்லாம் இருந்துச்சே."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். காலையில் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் கண்ணில் வந்தான். மாதக்கணக்காக அவன் அதை நாள் தவறாமல் சாப்பிடுகிறான். படங்களை எடுத்துக்கொண்டு மாடியில் இருந்த தலைவர் அறைக்கு ஏறினேன். ஆந்தையும் பின்னாலேயே வந்தாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. கெட்ட செய்தியைக் கேட்கத் தெரியாதவர், அவ்வளவுதான். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு தட்டு. அதுவும் விதிப்படி குப்பைக்குப் போயிருக்க வேண்டிய தட்டு. இதை வச்சுக்கிட்டு நான் மருந்தை நிறுத்தணுமா?"

"செல்லு ஆரோக்கியமா இருக்கு சார். இந்தக் கதவு மட்டும்தான் இல்ல."

"சாப்பிடறவங்க எல்லாருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தாச்சு. சுத்தமா இருக்கு."

"முதல் மாத்திரை போட்ட அன்னிக்கே எடுத்தது சார். அப்போ பழைய கதவு இருந்திருக்கும். அதுக்கப்புறம் எடுத்தாங்களா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"என் அண்ணன் சாப்பிடறான் சார் இதை."

நிமிர்ந்து பார்த்தார். "உங்க அண்ணனா? சொல்லவே இல்லையே." பிறகு சமாளிப்பாக, "பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் தராங்க. உங்க அண்ணனுக்கு அதுவாக்கூட இருக்கலாம்."

"வலி சுத்தமா போயிடுச்சு. இன்னிக்கு காலையில எனக்கு ஆடிக் காட்டினான். கூடவே கிறுகிறுன்னு வருதுன்னும் சொன்னான்."

"தூக்கம் கெட்டா யாருக்கும்தான் கிறுகிறுக்கும்."

"சார், இந்தக் கதவு பிறவியிலேயே குறைவா இருக்கறவங்களைப் பத்தி நாம எல்லாருமே படிச்சிருக்கோம். பாக்க நல்லாத்தான் இருப்பாங்க. நல்லா நடப்பாங்க, சிரிப்பாங்க. தூங்கிட்டு இருக்கும்போது பக்கத்துல அலாரம் அடிச்சா போதும், அந்தத் திடுக்குலயே இதயம் தாளம் தப்பி விழுந்துடுவாங்க. மாத்திரையால நாம இத்தனை பேரை அப்படி ஆக்கி வச்சிருக்கோம். தட்டு ஒண்ணா ரெண்டான்னு எண்ணிட்டு உட்கார்ந்திருக்கற நேரமா இது?"

ஆந்தை என் தோளில் கை வைத்தாள். தலைவர் படத்தை மறுபடி கையில் எடுத்தார். கறுத்த விளிம்பின் மேல் அவர் விரல் மெதுவாக வட்டமாகப் போனது. அவரும் ஒரு காலத்தில் உறிஞ்சியவர்தான். அந்தப் படம் என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சரி" என்றார். முகம் வெளிறியிருந்தது. "இன்னிக்கே எல்லாரையும் நிறுத்தச் சொல்றேன். மருத்துவமனைக்கும் நான் பேசறேன். கதவு திரும்ப வர ஒண்ணு ரெண்டு நாளாவது ஆகும், அதுவரைக்கும் அவங்களை அங்கேயே வச்சுப் பார்த்துக்கணும். முதல்ல நீங்க உங்க அண்ணனைக் கூப்பிடுங்க. இங்கேயே, என் முன்னாடியே கூப்பிடுங்க."

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. 'நன்றி சார், நன்றி சார்' என்று உளறிக்கொண்டே கைப்பேசியை எடுத்தேன். அண்ணனின் எண்ணை அழுத்தி, அவரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

மணி போனது. மறுபடி போனது.

"எடுக்கலையே" என்றாள் ஆந்தை.

"தூங்கறான். காலையிலதான் வந்து படுத்தான். கிடங்குல எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாதுன்னு சத்தமா வச்சு, தலையணைப் பக்கத்துலயேதான் வச்சிருப்பான். எடுத்துடுவான்."

மணி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது.

"அலாரம்னு சொன்னீங்களே" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

ஒரு கணம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. உறைத்ததும் கைப்பேசியின் மேல் பாய்ந்தேன். அணைக்க விரல் போவதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"அண்ணா?"

"நான்தாம்மா" என்றாள் அண்ணி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "அடுப்படியிலிருந்து ஓடி வரேன். இவருக்கு என்னன்னே தெரியல. போன் அடிச்சதும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தாரு. கையை நீட்டினாரு, அப்படியே பின்னாடி சாஞ்சுட்டாரு. கூப்பிட்டா பேச மாட்டேங்கறாரு. கண்ணு திறந்தேதான் இருக்கு."

தலைவர் மேசைத் தொலைபேசியைப் பிடுங்கி ஆம்புலன்ஸுக்கு எண்களை அழுத்தினார். என் வீட்டு முகவரியை ஆந்தை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் குரல் யாருடையதோ மாதிரி நிதானமாக வந்தது.

"அண்ணி, போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழே வச்சுட்டு அவனைத் தரையில இழுத்துப் போடுங்க. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா வைங்க. முழு பலத்தோட அமுக்குங்க. விடாம அமுக்குங்க."

எதுவோ இழுபடும் சத்தமும் தலையணை விழும் சத்தமும் கேட்டன. பிறகு அவள் அமுக்கும் சத்தம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவள் வாயிலிருந்து 'ம்' என்று ஓர் ஒலி வந்தது.

"நிறுத்தாதீங்க அண்ணி. வண்டி வருது. நிறுத்தாதீங்க."

"நிறுத்தல" என்றாள். மறுபடி 'ம்', 'ம்'. நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டு, "எதுக்கும்மா இந்த நேரத்துல கூப்பிட்ட? தூங்கற நேரம்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, வழக்கமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"மாத்திரை சாப்பிட வேண்டாம்னு சொல்லத்தான் அண்ணி" என்றேன்.